நான்காம் எண் அசையவில்லை

"வரலைன்னா என்னா அர்த்தம்?"

"வரலைன்னா வரலதான் மேடம். காலைலயே போன் பண்ணிச்சு அந்தப் பொண்ணு. தவளக்குப்பத்துல பஸ்ஸ வுட்டுட்டேன், காய்ச்சலு வேற, இன்னிக்கு முடியாதுண்ணேன்னு. சரி படுன்னு வெச்சிட்டேன்."

"நேத்தா?"

"நேத்துதான். டூப்பு இல்லாம என்னடா பண்றதுன்னு ஓடியாந்தேன். உள்ள வந்து பாத்தா நீங்களே உக்காந்துனு இருக்கீங்க." கமலக்கண்ணன் சிரித்தான். "ஏழு மணி நேரம் மேடம். ஆடல, அசையல. ட்ரெய்னரு க்சாவியே சாரே அசந்துட்டாரு. பக்கத்துல நம்ம காமெடி பக்கிரி 'ஒரு மெதுவடை குடுங்கடா, நாட்டக் காட்டிக் குடுத்துடறேன்'னு அழுவுறான். நீங்க தண்ணி கூட கேக்கல."

துர்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். நேற்றுப் பகல் முழுவதும் அவள் ஓட்டல் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். நாலு மணிக்குத்தான் எழுந்தாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கமலக்கண்ணன் நெல்லித்தோப்புக்காரன், அவளும் அதே ஊர்தான். இருந்தாலும் அவன் ஷூட்டிங் மேனேஜர், சம்பளம் வாங்குவது சேனலிடம். அவன் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்ததாக அவளுக்குப் பட்டது.

'இரும்புப் படை' என்று நிகழ்ச்சிக்குப் பெயர். எட்டுப் பிரபலங்களுக்கு இருபத்தொரு நாள் கமாண்டோ பயிற்சி. சேற்றில் தவழ்ந்து, கயிற்றில் தொங்கி, கடற்கரை மணலில் மூட்டை சுமந்து, ஐந்து பேர் மிஞ்சியிருந்தார்கள். இப்போது கைதிக் கட்டம், மூன்று நாள். ரயிலடிக்குப் பின்னாலிருந்த பழைய அரிசிக் கிடங்கில், தலையில் கறுப்புப் பையைக் கட்டிக்கொண்டு, பிடரியில் கைகளைக் கோத்தபடி, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை தரையில் உட்கார வேண்டும். ஐந்து மணிக்குப் பயிற்சியாளர் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுப் பையைக் கழற்றுவார். வியர்வையும் கண்ணீருமாக முகம் வெளிவரும். கேமராவுக்கு வேண்டியது அந்த முகம்தான்.

பைக்குள் இருப்பது யார் என்று யாருக்குத் தெரியப்போகிறது? இயக்குநர்தான் அந்த யோசனையைச் சொன்னார். துர்காவின் உயரத்தில், அவள் உடல்வாகில், சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பாக்கியலட்சுமி என்ற பெண்ணைக் கமலக்கண்ணன் பிடித்து வந்தான். பகலெல்லாம் அவள் உட்காருவாள். ஐந்து மணிக்குச் சற்று முன் கமலக்கண்ணன் அவளைக் கழிப்பறைக்கு என்று கைப்பிடித்துப் பின்னறைக்கு அழைத்து வருவான். அங்கே துர்கா அதே பச்சை உடுப்பையும் பையையும் மாட்டிக்கொண்டு போய் உட்காருவாள். விஷயம் இந்த நான்கு பேருக்குத்தான் தெரியும். பயிற்சியாளர் க்சாவியேவுக்குத் தெரியாது. பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருடம் இருந்து பென்ஷன் வாங்குகிற மனிதர். தெரிந்தால் அந்த நிமிடமே தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தெரிந்தால் துர்காவும் கிளம்ப வேண்டியதுதான். ஜெயிப்பவருக்குச் சேனலின் புதிய தொடரில் கதாநாயகி வேடம். அவளுக்கு அது வேண்டும். நாலு வருடம் மூத்த மருமகளாக நடித்த தொடரில், மஞ்சள் காமாலை வந்து அவள் பதினெட்டு நாள் படுத்திருந்தபோது, ஒரு திங்கட்கிழமை திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடியது. அவள் கட்டியிருந்த அதே சேலையில் வேறொருத்தி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். வீட்டில் யாரும் திடுக்கிடவில்லை. மாமியார் காபி கேட்டாள். அன்றிரவு அம்மா போனில், "புதுப் பொண்ணு பரவால்லடி, உன்ன மாரியே அழுவுது" என்றாள்.

ஆக இது சேனலின் வேலை. டூப் வைத்த குட்டை உடைக்க, அல்லது அவளைப் பயமுறுத்தி ஓடவைத்து அதையும் படமெடுக்க, யாரையோ உட்கார வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நேற்றைய கேசட்டைப் போட்டுக் காட்டச் சொன்னாள். சின்ன மானிட்டரில் நீலம் பாய்ந்த கூடம். ஐந்து பச்சை உடுப்புகள், ஐந்து கறுப்புத் தலைகள். ஆபரேட்டர் வேகமாக ஓட்டினான். ஓட்டத்தில் நான்கு பேர் காற்றில் மாட்டிய துணிகள் போலப் படபடத்தார்கள். தோள்கள் துள்ளின, முழங்கால்கள் மடங்கி நிமிர்ந்தன, பக்கிரி சாய்ந்தார், எழுந்தார், மறுபடி சாய்ந்தார். அவளுடைய நான்காம் எண் மட்டும் அசையவில்லை. மற்ற நான்கு பைகளும் மூச்சுக்கு உள்ளே ஒட்டி வெளியே உப்பிக்கொண்டிருந்தன. நான்காவது பை, சுவரில் ஆணியடித்து மாட்டியதைப் போல இருந்தது.

"நிறுத்தட்டுமா மேடம்?"

அவளுக்கு நேற்றுப் பின்னறையில் நடந்தது ஞாபகம் வந்தது. உள்ளே யாருமில்லை. பச்சை உடுப்பு நாற்காலியில் நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது, மேலே பை. பொண்ணு அவசரமாகப் போய்விட்டாள் போல என்று நினைத்துத்தான் அதை எடுத்துத் தலையில் மாட்டினாள். உள்பக்கம் ஈரமாக இருந்தது. வியர்வை ஈரம் வெதுவெதுப்பாக இருக்கும். இது கிணற்றடிக் கல்லின் ஈரம். பல நாள் தண்ணீரில் ஊறிய சாக்கின் வாடை. அது அவள் உதடுகளில் பட்டிருந்தது. அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் நானே உக்காந்துக்கறேண்ணே," என்று கமலக்கண்ணனிடம் சொன்னாள். "அந்தப் பொண்ண வரவேணாம்னு சொல்லிடு."

"அதுக்கு இன்னும் காய்ச்சல் வுடல மேடம். நீங்க தூள் கெளப்புங்க."

தன் இடத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்க்க, ஒன்பதரைக்கே அவள் பின்னறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். ஒரு காலத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்த அறையாக இருக்கலாம். தவிட்டு வாசமும் எலிப் புழுக்கை வாசமும் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் ஊறிக் கிடந்தன. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்திருந்ததால், வெளியே வெயில் கொளுத்துகிறது என்பதைத் தகரக் கூரை விட்டுவிட்டு முறுக்கிக்கொள்ளும் சத்தத்தில் மட்டும்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அதற்கும் பின்னால் எங்கோ கடல், வாளியில் துணி அலசுவது போல. கதவின் இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அவள் அதில் கண்ணை வைத்தாள்.

அவள் இங்கே இருக்கிறாள். எனவே நான்கு பேர் வர வேண்டும்.

முற்றத்திலிருந்து, முன்னால் போகிறவர் தோளில் கையை வைத்தபடி, பை கட்டிய ஐந்து பேர் வரிசையாக வந்தார்கள்.

நான்காமவருக்கு அவளுடைய உயரம். இடது காலை ஒரு நூல் அதிகமாக அழுத்தி வைக்கும் அவளுடைய நடை. சேற்றுப் பயிற்சியில் அவளுக்குச் சுளுக்கிய கால் அது.

நன்றாகத் தயார் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பத்து மணி பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். மற்றவர்கள் துள்ளினார்கள், நான்காம் எண்ணின் மேல் விழுந்த தண்ணீர் ஓசையில்லாமல் உள்ளே போயிற்று. அதைச் சுற்றித் தரை ஈரமாகவில்லை.

மூன்று மணிக்கு விசாரணை தொடங்கியது. எதைக் கேட்டாலும் பெயரைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. க்சாவியேவின் பூட்ஸ் ஒவ்வொருவராகக் கடந்து வந்து நான்காம் எண்ணின் முன் நின்றது.

"நுமேரோ காத்ர். யார் உன்ன அனுப்பினது?"

"துர்கா."

 குரல் அவளுடையது, ஆனால் சரியாக ஒட்டவில்லை. டப்பிங் தியேட்டரில் முதல் டேக் அப்படித்தான் இருக்கும். உதடு ஒரு பக்கம், சத்தம் மயிரிழை தள்ளி இன்னொரு பக்கம்.

"எத்தினி பேரு வந்தீங்க?"

"துர்கா."

இரண்டாவது டேக். இப்போது ஒட்டிவிட்டது. மிமிக்ரிக்காரி, என்று அவள் தனக்குத்தானே சொன்னாள். திருவிழா மேடையில் பாடுகிறவள் எவளையாவது பிடித்து வந்திருப்பார்கள்.

"எங்க தங்கியிருக்க?"

"துர்கா."

மூன்றாவது முறை அந்த 'ர்' கொஞ்சம் குழைந்தது. பள்ளிக்கூடத்தில் சேரும்வரை அவள் அப்படித்தான் சொல்லுவாள். அதை அவள் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. அம்மாவைத் தவிர யாருக்கும் அது தெரியாது. கதவுக்குப் பின்னால் தன் உதடுகளும் அசைந்ததை அவள் உணர்ந்தாள். சத்தம் அங்கிருந்து வந்ததா, இங்கிருந்தா என்று தெரியவில்லை.

"பியேன்," என்றார் க்சாவியே. குரலில் திருப்தி. "நீதான்டி சிப்பாய்."

கதவைத் திறந்துகொண்டு ஓடிக் கத்தலாம். கத்தினால், நீ ஏன் உள்ளே ஒளிந்திருந்தாய் என்று கேட்பார். நேற்று எங்கே இருந்தாய் என்று கேட்பார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். அவள் கத்தவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம். கமலக்கண்ணன் நான்காம் எண்ணைக் கைப்பிடித்து எழுப்பி நடைவழிக்குள் அழைத்து வந்தான். வழக்கம் மாறாமல் பேசிக்கொண்டே வந்தான். "பாத்து மேடம், படி இருக்கு. நேத்து மாரியே ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிட்டு வாங்க, வெளில நிக்கறேன்." ஈரக் காலடிகள் நெருங்கின. அவள் இடைவெளியிலிருந்து விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தாழ் போட்டிருந்தது. அவள்தான் போட்டாள். அவள் தாழையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடிகள் கதவுக்கு வெளியே நின்றன.

பிறகு அறைக்குள் கேட்டன.

இரண்டு அடி. மூன்று. நின்றன.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். துணி உரசும் சத்தம். மடிக்கும் சத்தம். பொறுமையாக, ஒவ்வொரு மடிப்பையும் கையால் நீவி.

கண்ணைத் திறந்தபோது யாருமில்லை. தாழ் போட்டபடி இருந்தது. நாற்காலியில் பச்சை உடுப்பு, மேலே பை.

"மேடம், ரெண்டே நிமிஷம்," என்று வெளியே குரல் கேட்டது.

போய்விட்டது. எதுவாக இருந்தாலும் போய்விட்டது. இப்போது நான்காவது இடம் காலியாக இருக்கிறது. க்சாவியே கூப்பிடும்போதும் அது காலியாக இருந்தால் எல்லாம் முடிந்தது. அவள் போய் உட்கார்ந்துவிட்டால் அது அவளுடைய இடம். அவள் முகம்தான் வெளியே வரும். உடுப்பை மாட்டினாள். பையைத் தலையில் இழுத்துக்கொண்டாள். ஈரம். சாக்கு வாடை. கயிற்றை முடிந்தாள். தாழைத் தடவித் திறந்தாள்.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

"கை ஜில்லுன்னு இருக்கேண்ணே," என்றாள்.  கமலக்கண்ணன் பேசாமல் நடந்து அவள் பார்த்ததேயில்லை. படி வரும் என்று காலைத் தூக்கினாள். படி வரவில்லை. பின்னறையிலிருந்து கூடம் பன்னிரண்டு அடி. பதினைந்து எண்ணினாள். இருபது. இருபத்தாறு. கை அவளைக் கீழே இழுத்தது. உட்கார்ந்தாள். கை அவள் கையை விடவில்லை.

"அன்!" என்று முதல் எண்ணைக் கூப்பிட்டது க்சாவியேவின் குரல், தூரத்தில், இடது பக்கம். கைதட்டல்.

"தெ!"

"த்ருவா!" பக்கிரி ஓவென்று அழுதார். "சார், எனக்கு மூஞ்சி இருக்குதா பாருங்க சார்!" எல்லோரும் சிரித்தார்கள்.

"காத்ர்!"

அவள் தலையை நிமிர்த்தினாள். பூட்ஸ் சத்தம் அவளிடம் வரவில்லை. கயிறு அவிழும் சத்தம் கேட்டது. அவள் கழுத்தில் அல்ல.

கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. யாரோ விசில் அடித்தார்கள்.

"அம்மா," என்றது அவள் குரல், அங்கே, தேம்பலும் சிரிப்புமாக. "அம்மா, பாத்தியாம்மா?"

"மேடம், பின்னிட்டீங்க!" என்றான் கமலக்கண்ணன். அவனும் அங்கேதான் இருந்தான்.

"மொதல்ல ஒரு டீ சொல்லுண்ணே. நாக்கு ஒட்டிக்கிச்சு."

சிரிப்பு. ஐந்தாம் எண். கேபிள் சுருட்டும் சத்தம். பெட்டிகள் தரையில் இழுபடும் சத்தம். வண்டிக் கதவுகள், ஒன்று, இரண்டு. கடல்.

அவள் இன்னொரு கையால் முடிச்சைத் தேடினாள். முடிச்சு இல்லை. கயிறும் இல்லை. துணியின் விளிம்பைத் தேடிக் கழுத்தைச் சுற்றித் தடவினாள். விளிம்பு இல்லை. நகத்தால் பிறாண்டினாள்.

நகம் பட்ட இடத்தில் துணி வலித்தது.

பூட்ஸ். க்சாவியே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். கடைசி விளக்கின் சூடு பையின் மேல் பட்டது. அவர் நின்றார். மிக அருகில், அவருடைய சுருட்டு வாசம் வந்தது.

அவள் பேசினாள். குரல் மயிரிழை தள்ளி, வேறு எங்கிருந்தோ, வேறு யாருடையதாகவோ வந்தது.

"சார்... போயிடாதீங்க சார். இந்தப் பைய மட்டும் கொஞ்சம் கழட்டி வுடுங்க."