கணக்கில் வராத சூடு

மழையில் தொப்பலாக நனைந்து வந்தவள் சமையலறை வாசலில் அலறிவிட்டாள். சுவரை விட்டு விலகி நின்ற ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன... ஆண்பிள்ளைக் கால்கள்!

"யாருய்யா அது?"

"அசையாதீங்க! கீழே குழாய் இருக்கு... மிதிச்சிடாதீங்க!"

"என் வீட்டுல என்னையே அசையாதேங்கறீங்களா?"

ஒரு முகம் எட்டிப் பார்த்தது. மூக்கு நுனியில் ஒட்டடை. அதற்கு மேலே... அந்தக் கண்கள்! கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பதுதான் அவள் வேலை. இந்தக் கண்களைப் பார்த்ததும் திட்ட வந்ததே மறந்துபோனது. ஏன்?

துண்டோடு ஓடிவந்தாள் அம்மா. "தம்பி இன்ஜினியருடி. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சு நம்ம வீட்டுல வச்சுப் பார்க்கறாரு. ஃபிரிட்ஜ் வீணாக்கற சூட்டுலயே தண்ணி காய வைக்கிறாராம். என் முட்டிவலிக்கு ஆகும்ல?"

"ஃபிரிட்ஜுல வெந்நீரா? நல்லா காது குத்துறாரும்மா உனக்கு!"

"உள்ளே இருக்கற சூட்டை வெளியே தள்ளித்தானே அது குளிருது?" என்றான் அவன். "பின்னால தொட்டுப் பாருங்க."

தொட்டாள். சுட்டது. கையா, கன்னமா... அதுதான் புரியவில்லை.

சூடான குழாய் ஒரு சின்னத் தொட்டிக்குள் சுற்றிச் சென்றது. தண்ணீர் எவ்வளவு காய்ந்தது என்று பார்க்க அவன் மாலைதோறும் வந்தான். வந்தால் அவளுக்கு எரிச்சல். வராவிட்டால் இன்னும் எரிச்சல். இது என்ன கண்றாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இந்த வாரத்தோட வேலை முடிஞ்சிடும்," என்றான் ஒருநாள். அவளுக்கு ஏனோ சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து தொட்டித் தண்ணீர் அவன் கணக்கை மீறிச் சுட்டது. மறுபடி வந்தான். மறுபடி அளந்தான். தலையைப் பிய்த்துக்கொண்டான்.

"யாராவது ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைக்கிறீங்களா?"

"எங்களுக்கு வேற வேலையில்லையா?" வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

அவன் முகம் சுண்டிப்போனது. "அப்ப கோளாறு என்கிட்டதான். ஆளை அனுப்பிக் கழட்டிக்கறேன். வேற வீட்டுல வச்சுப் பார்க்கணும்."

போய்விட்டான். கொட்டும் மழையில்.

"நல்ல பிள்ளையை விரட்டிட்டியேடி!" என்றாள் அம்மா.

வாய் வரைக்கும் வந்த உண்மையை எந்த வீம்பு விழுங்கியது? குடைகூட எடுக்காமல் ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான்.

"கோளாறு உங்ககிட்ட இல்ல... என்கிட்ட."

"என்ன சொல்றீங்க?"

"நான்தான் கதவைத் திறந்து வச்சேன். கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தை உள்ளே வச்சேன்..."

"ஐயோ, ஃபிரிட்ஜ் ஓடி ஓடிச் சூடாகுமே! எதுக்குங்க?"

"கணக்கு தப்பினா... நீங்க திரும்ப வருவீங்கல்ல?"

அவன் ஏற வேண்டிய பஸ் வந்தது. போனது.

"அளக்க நான் வரவே வேண்டாம்," என்றான் மெதுவாக. "தொட்டியில இருக்கற கருவியே கணக்கை என் போனுக்கு அனுப்பிடும்."

"அப்ப எதுக்குத் தினமும் வந்தீங்க?"

"அதான் எனக்கும் குழப்பமா இருந்துச்சு. நீங்க திட்டாத அன்னிக்கு வேலையே ஓடல..." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க."

நனைந்த இமைகளுக்கு நடுவே அவள் கண்கள் சிரித்தன.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? வீட்டுப் பாலெல்லாம் திரிஞ்சுபோச்சு!"