காருக்கு வைத்த பொட்டு

செவந்திக்கு அக்காவைப் பார்க்க வேண்டும். அதுவும் உடனே பார்க்க வேண்டும்.

அக்கா ராசாத்தி கல்யாணமாகி ஜெகதாப்பட்டினம் போய்விட்டாள். தலைத் தீபாவளிக்கு வந்து போனவள்தான். இப்போது பங்குனியே பிறந்துவிட்டது. பாயில் அக்கா படுக்கும் பக்கத்தைச் செவந்தி இன்னும் காலியாகவே விட்டுவைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்ல ஆளில்லாமல் தொண்டை வரை சேர்ந்து கிடந்தன.

அப்பா அடைக்கலம், புதுக்கோட்டைப் பட்டறை ஒன்றில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். லீவு போடவே தெரியாத மனிதர். ஆனால் இந்தத் தடவை அதிர்ஷ்டம் அடித்தது. ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி உடையப்பன் தம் பழைய காரைப் புதுசாக்கக் கொடுத்திருந்தார். வேலை முடிந்ததும் அப்பாவே ஓட்டிப் போய் ஒப்படைக்க வேண்டும்.

"நீயும் வா. அக்காவப் பாத்துட்டு வரலாம்" என்றார் அப்பா.

அப்பாவோடு வேலை செய்யும் மூக்கனும் வருவதாக ஏற்பாடு. நாற்பது வயதாகியும் அவர் கடலைப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் செவந்தி பட்டறைக்கு ஓடினாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட வேட்டித் துணியில் பாலிஷைத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள். புதிதாக அடித்து, மோர் போல மங்கிக் கிடந்த வெள்ளைப் பெயின்ட் தேய்க்கத் தேய்க்கப் பளபளத்தது.

ஒரு கதவு முடிந்தால் அறந்தாங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள். அடுத்த கதவு முடிந்தால் மணமேல்குடி. முன்பக்கத்து பானெட்டைத் தேய்க்கும்போது அக்கா வீடே கண்ணுக்குத் தெரியும்.

"மெதுவாம்மா, தோலு உரிஞ்சிடப் போகுது" என்று மூக்கன் சிரிப்பார்.

"எனக்கா, காருக்கா?"

"ரெண்டுக்குந்தான்!"

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. மறுநாள் காலையில் பயணம். செவந்தி கோயில் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, யாரும் பார்க்காதபோது பானெட்டின் நடுவில் பெரிய பொட்டாக வைத்தாள்.

"வழியில எங்கயும் நின்னுடாதே. என்னைய அக்காகிட்ட கொண்டுபோய் விட்டுடு" என்று காரிடம் கேட்டுக்கொண்டாள்.

காலையில் அப்பா பொட்டைத் துடைத்தார். குங்குமம் போனது. ஆனால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம் அப்படியே நின்றது. பாலிஷ் போட்டுத் தேய்த்தார். ஊகூம், அசையவில்லை.

"புதுப் பெயின்ட்டு, சாயத்தக் குடிச்சிருச்சே!" அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத வச்ச ஆளு இந்தக் கார்ல ஏறப்படாது! மூக்கா, ஒன் வேலதானே? எதப் பாத்தாலும் விபூதி, குங்குமம்னு பூசுறவன் நீதான்."

மூக்கன் திகைத்து நின்றார். "நான் வைக்கலண்ணே" என்றார். அப்பா நம்பவில்லை. மூக்கன் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"சரிண்ணே, நான் வரல. நீங்க போயிட்டு வாங்க. கடல் எங்கிட்டும் ஓடிடாது."

செவந்தி அந்த மடித்த துணியையே பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் மத்தியானம் அக்கா மடியில் இருக்கலாம். திறந்தால் அவ்வளவுதான். அக்கா முகம் நினைவுக்கு வந்தது. மூக்கன் முகமோ எதிரிலேயே இருந்தது.

"அப்பா, நாந்தான் வச்சேன். அவர் இல்ல" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கார் நிக்காமப் போகணும்னு வச்சேன். அக்காவப் பாக்கணும்னு..."

அப்பா அந்தச் சிவப்பு வட்டத்தை விரலால் இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தார். பிறகு, "கார் மொதலாளி உடையப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்.

"நான் பண்ணின தப்ப நானே சொல்லிடுறேன்ப்பா."

மூக்கன் மெல்லத் தொண்டையைச் செருமினார். "புள்ள சொல்லணும்னா, புள்ள அங்க வரணுமேண்ணே?"

அப்பா அவரை முறைத்தார். மகளைப் பார்த்தார். பிறகு கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க ரெண்டு பேரும்!"

ஜெகதாப்பட்டினத்தில் உடையப்பன் தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு வாசலில் காத்திருந்தார். இறங்கியதும் செவந்தி ஓடிப்போய் சிவப்பு வட்டத்தைக் காட்டினாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மறுபடி அடிச்சுத் தர்றேங்க" என்றார் அப்பா.

உடையப்பன் குனிந்து உற்றுப் பார்த்தார். தட்டிலிருந்து குங்குமத்தைத் தொட்டு அந்த வட்டத்தின் மேலேயே அழுத்தி வைத்தார்.

"நானும் இங்கதானய்யா வைக்கப் போறேன்! நீங்க மறுபடி அடிச்சாலும் வாராவாரம் இங்கதான் வைப்பேன்" என்று சிரித்தார். "ஏறு பாப்பா, ஒங்க அக்கா வீட்டுக்கே போவோம்."

மூக்கன் மட்டும் ஏறவில்லை. அவர் ஏற்கெனவே கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

அக்கா வீட்டு வாசலில் ஹாரன் ஒலித்தது. ராசாத்தி ஈரக் கையோடு வெளியே வந்தாள். வெயிலில் கார் கண்ணைப் பறித்தது. தெருவே கூடி நின்று அதைப் பார்த்தது.

அக்கா காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செவந்தீ!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.