மாலை ஐந்து மணி பிரமை

போன் அடித்தது...

அடித்துத் தொலையட்டும் என்று விட்டாள் சப்-இன்ஸ்பெக்டர் ஆலிஸ்.

மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. மேஜையில் அப்பாவுவின் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் தலை நசுங்கிச் செத்தவர். 'படியில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதிக் கொடுத்திருந்தான் சூப்பர்வைசர் பொன்னுரங்கம்.

ஆலிஸ் நம்பவில்லை. ஆனால் கண்ணால் பார்த்த ஒருத்தன் வேண்டுமே!

சலித்துப்போய் போனை எடுத்தாள்.

"மேடம், நான் எழிலன். யார்டுல கிரேன் ஓட்றேன். அப்பாவு அண்ணன் செத்தத நான் பாத்தேன். அதான் பைத்தியம்னு புட்ச்சி அடைச்சிக்கீறாங்க. போன் பேசறது என் உரிமைன்னு மூணு நாளா சண்ட போட்டு இப்பதான் குடுத்தாங்க."

அரை மணி நேரத்தில் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் அவன் சொன்ன தனியார் மனநல மருத்துவமனையில் இருந்தாள் ஆலிஸ்.

டாக்டர் விமல் காபி சொன்னார். அவள் வேண்டாம் என்றாள்.

"எதுக்கு மேடம் வீண் அலைச்சல்? ரெண்டு வருஷம் முன்னாடியே டிப்ரஷன்னு இங்க படுத்திருந்தவன். இப்ப முத்திடுச்சு."

"அப்ப வைத்தியம் பாத்தான்றத மட்டும் காட்டி, இப்பவும் நோயாளின்னு சொல்ல முடியாது டாக்டர். சட்டத்துல இருக்கு. யார் கையெழுத்துப் போட்டுச் சேத்தது?"

"பொன்னுரங்கம்."

ஆலிஸின் தூக்கம் கலைந்தது.

எழிலனை அழைத்து வந்து, ஓரத்துக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். ஊசி மருந்தில் நாக்கு தடித்திருந்தது.

"எனக்காக முடிவெடுக்க என் சம்சாரம் ரமாபாய் பேரத்தான் போன தபாவே எழுதிக் குட்தேன். பொன்னுரங்கம் எனுக்கு யாரு மேடம்?"

"இவன் சாட்சி கோர்ட்ல நிக்காது மேடம். பைத்தியத்தோட பேச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க," என்றார் விமல்.

உண்மைதான். அது ஆலிஸுக்கும் தெரியும்.

எழிலன் மெல்லக் கேட்டான்.

"என் கேஸ் ஷீட்ட நான் கேட்டா காட்டணும்ல? மேடமாண்ட குடுங்க, படிக்கட்டும்."

"தாராளமா! எவ்வளவு முத்தியிருக்குன்னு அப்பவாவது தெரியும்."

ஆலிஸ் படித்தாள்.

'நோயாளி கூறும் பிரமைகள்: தேய்ந்த ரோப்பை மாற்றாமல் கிரேனை ஓட்டச் சொன்னான் பொன்னுரங்கம். ரோப் அறுந்து, கொக்கி அப்பாவு தலையில் விழுந்தது. அறுந்த ரோப்பை யார்டின் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டான்...'

கீழே விமலின் கையெழுத்து. அப்பாவு செத்த அன்றைய தேதி. மாலை ஐந்து மணி.

ஆனால் செத்த செய்தி ஸ்டேஷனுக்கு வந்ததே அன்றிரவு ஏழரைக்கு!

யார்டு வாசலில் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் அறிவுக்குப் போன் போட்டாள்.

பத்து நிமிடத்தில் அறிவு கூப்பிட்டார். "தொட்டியில ரோப் இருக்கு மேடம். அறுந்த ரோப்."

எழிலன் கட்டிலடியில் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

விமலுக்கு வியர்த்தது. "நான்... அவன் சொன்னத அப்படியே எழுதினேன். அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் தேங்க்ஸ் டாக்டர். எங்க ஸ்டேஷன் ரைட்டர்கூட இவ்வளவு சுத்தமா வாக்குமூலம் எழுத மாட்டாரு!"