பதினோரு கைகள்

ஜெபராணி பழக்கூடையோடு உள்ளே நுழைந்தபோது ஒரு குரங்குகூடக் கத்தவில்லை.

அன்னூருக்கு வெளியே ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் குரங்குகளுக்குத் தீனி வைக்கும் வேலை அவளுக்கு. எட்டு மாதமாக, கதவுச் சத்தம் கேட்டதுமே பதினோரு கூண்டுகளும் கம்பி அதிர ஆர்ப்பாட்டம் செய்யும். அந்த இரைச்சலுக்குப் பழகிப்போன காதில், இன்றைக்கு மின்விசிறியின் கரகரப்பும், தகரக் கூரை மதிய வெயிலில் முறுகி நெளிகிற ஓசையும் மட்டுமே விழுந்தன. பினாயிலையும் மீறி மூத்திர வாடை மூக்கில் ஏறியது. குரங்குகள் எல்லாம் அறைக் கோடியிலிருந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

கதவோரக் கூண்டில் வாழைப்பழத்தை நீட்டினாள். "ஏன் கண்ணு, பசிக்கலியா?"

அது திரும்பவே இல்லை.

மின்விசிறி நின்றது. விளக்குகள் அணைந்தன. கதவுப் பூட்டில் தன் அடையாள அட்டையை வைத்துப் பார்த்தாள். திறக்கவில்லை. காவலாளி மயில்சாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, உள்ளே மாட்டிக்கிட்டேனுங்க. கார்டு வேலை செய்ய மாட்டேங்குது."

"கரண்டு போயிருச்சுங்க அம்மணி. ஜெனரேட்டரைப் போட்டுப்போட்டு வாரேன், பத்து நிமிசம்." சற்றுத் தயங்கினார். "ஏனுங்க, உங்ககூட டாக்டர் இருக்கறாருங்களா?"

"இல்லீங்களே. நான் மட்டுந்தான்."

"யாரோ நம்பர் சொல்றாப்புல கேக்குதுங்களே?"

போன் கட்டாகிவிட்டது.

உயரத்திலிருந்த சின்ன ஜன்னலின் மங்கிய வெளிச்சத்தில், கோடிக் கூண்டுக் குரங்கு இடது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டியது. ரத்தம் எடுக்கும்போது டாக்டர் அதனதன் நம்பரைச் சொன்னால் அப்படி நீட்ட வேண்டும். நீட்டினால் ஒரு நிலக்கடலை. ஜெபராணிதான் பழக்கியிருந்தாள். ஆனால் கூண்டின் முன்னால் யாரும் இல்லை. நீட்டிய கை விறைத்தது. மணிக்கட்டில் முடி அமுங்கியது, ஐந்து விரல்களின் அளவுக்கு. ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தது.

அடுத்த கூண்டு. அடுத்த கை.

"அண்ணா! மயில்சாமியண்ணா!" கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். வெளியே ஜெனரேட்டர் முக்கியது, நின்றது. மறுபடி முக்கியது.

ஐந்தாவது. ஆறாவது. ஒவ்வொன்றாய் அவள் பக்கம் நெருங்கியது. எந்தக் குரங்கும் முனகவில்லை. சொட்டுச் சத்தம் மட்டும்.

"இயேசப்பா..."

பதினொன்று. கதவோரக் கூண்டு. எட்டிப் பிடிக்கும் தூரம். நீட்டிய அந்தக் கை மெல்ல உள்ளே போனது.

ஒரே நேரத்தில் எல்லாக் குரங்குகளும் திரும்பி அவளைப் பார்த்தன.

கதவில் முதுகை ஒட்டிக்கொண்டாள். கைகளை மார்போடு கட்டி, விரல்களை அக்குளில் புதைத்தாள். காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கை முன்னால் நீண்டிருந்தது. எப்போது நீட்டினாள் என்று தெரியவில்லை. சுடிதாரின் கைப்பகுதி மடிப்பு மடிப்பாக முழங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தது. மணிக்கட்டுத் தோலில் குழி விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கடைசியாகக் கட்டைவிரல்.