விரலிலிருந்து வந்த அலை

மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், படியிறங்கிப் போனால் கோடியில் இருக்கும் நரம்புப் பரிசோதனை அறைக்கு அன்று கடைசியாக வந்தது அவளுடைய கணவன்தான். அங்கே டெக்னீஷியன் அவள். குடையை மூலையில் சாத்திவிட்டு, பிள்ளையைப் போலச் சாதுவாகப் படுக்கையில் ஏறிப் படுத்தான்.

அவள் தங்கை ஏரியில் மூழ்கிப் போனதிலிருந்து அவனுக்கு வலது கை சரியில்லை. எப்போதும் ஈரமாக, சில்லென்று இருக்கிறது என்பான். துக்கம்தான் இப்படிப் படுத்துகிறது என்று நினைத்தாள். அவளுக்கே இன்னும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. தனியாக நடக்கப் போன பெண் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். பிணத்தைத் தூக்கியபோது அம்மாவைத் தாங்கிப் பிடித்தவன் இவன்.

மணிக்கட்டிலும் முழங்கையிலும் தோளிலும் ஒயர்களை ஒட்டினாள். ஸ்பிரிட் வாசனை. எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதையே அவனுக்கும் சொன்னாள். மூளையின் கட்டளை மேலிருந்து கீழே இறங்கும். தொட்டால் அந்தச் செய்தி விரல்நுனியில் கிளம்பி, நரம்பு நரம்பாகத் தாவி மேலே ஏறும். யாரும் தொடாதபோது திரையில் கோடு நேராகக் கிடக்கும்.

கோடு நேராகக் கிடக்கவில்லை.

மணிக்கட்டில் ஓர் அலை எழுந்தது. அடுத்த நொடிக்குள் முழங்கையில். பிறகு மறுபடி மணிக்கட்டில்.

மெஷின் கோளாறு என்று ஒயர்களைக் கழற்றித் தன் கையில் ஒட்டிப் பார்த்தாள். கோடு அசையவில்லை. திரும்ப அவன் கையில் ஒட்டினாள். அலை எழுந்தது.

செய்தி விரலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கையைக் குனிந்து பார்த்தாள். மல்லாந்து கிடந்த உள்ளங்கையின் சதை தானாகக் குழிந்தது. நான்கு இடத்தில். யாரோ விரல் கோத்து இறுக்குவதுபோல. விரிப்பில் ஈரம் படர்ந்தது. ஸ்பிரிட் வாசனையை அமுக்கிக்கொண்டு பாசி நாற்றம் எழுந்தது.

"அவ இன்னும் விடல," என்றான், கண்ணைத் திறக்காமல்.

விரிப்பின் ஈரத்தைத் தொட்டு முகர்ந்தாள்; ஏரித் தண்ணீர்.

அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. வெளியூர் வேலை என்று சொல்லிவிட்டுப் போன நாட்களிலெல்லாம் ஏரிக்கரையில்தான் இருந்திருக்கிறான், அவள் தங்கையோடு. அன்றைக்குக் கால் வழுக்கியவளின் கையை எட்டிப் பிடித்துவிட்டானாம். அந்த நேரம் பார்த்துக் கரையில் ஆள் பேச்சுக் கேட்டிருக்கிறது. பார்த்துவிட்டால் குடும்பம் நாறிப்போகும் என்று பயம்.

"அவ இறுக்கிப் பிடிச்சிருந்தா. ஒவ்வொரு விரலா பிரிச்சுவிட்டேன்."

அவள் அழவில்லை. அவன் உள்ளங்கைக்கு மேலிருந்த வெற்றிடத்தை நோக்கித் தன் கையை நீட்டினாள்.

விரல்கள் தட்டுப்பட்டன.

குளிர்ந்து ஊறிய விரல்கள். நகத்தைக் கடித்துக் கடித்து மழுங்கிப்போன நுனிகள். வேப்பெண்ணெய் தடவியும் அடித்தும் பார்த்து அவளால் நிறுத்த முடியாமல் போன பழக்கம் அது.

"குட்டி, அக்காடி. எங்கிட்ட வா," என்று கிசுகிசுத்தாள். அந்த நிமிடம் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தூக்கி வளர்த்தவள் அல்லவா.

அந்தக் கை அசையாமல் நின்றது. அவள் விரல்களை மெல்லத் தடவிப் பார்த்தது. அடையாளம் கண்டுகொண்டது.

பிறகு அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளியது.

தள்ளிவிட்டு, அவன் கையை மறுபடி இறுக்கிப் பிடித்தது.

அன்றைக்கே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னாள். செத்தவளைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கட்டியவன் ஏமாற்றியதை எப்படியாவது விழுங்கிக்கொள்ளலாம். அந்தத் தள்ளலைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

சில வாரம் கழித்து அவன் மறுபடி பரிசோதனைக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"மேல ஏறுது. டாக்டர்கிட்ட சொல்லேன்."

ஒயர்களை ஒட்டினாள். மணிக்கட்டில் கோடு நேராகக் கிடந்தது. முழங்கையிலும் அப்படியே. தோளில் மட்டும் அலை எழுந்து எழுந்து அடங்கியது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெஷினை அணைத்தாள்.

"நரம்புல ஒண்ணுமில்லைங்க," என்றாள். "எல்லாம் நார்மல்."

அவன் மெதுவாக எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். காய்ந்த துணியில் காலருக்குக் கீழே, ஐந்து விரல் பதிந்ததுபோல ஈரம் ஊறிக்கொண்டிருந்தது.