திங்கட்கிழமைத் தண்ணீர்

மழையா...?

ஞானப்பூ அண்ணாந்து பார்த்தாள். பங்குனி வெயில் கண்ணைக் குத்தியது. மேகம் என்று சொல்ல வானத்தில் ஒரு துணுக்குகூட இல்லை. ஆனால் அவள் உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்திருந்தாள். உயிர்த்த ஞாயிறான பாஸ்குத் திருநாளுக்கென்று அப்பா நாகர்கோவிலில் எடுத்துத் தந்த புதுச் சேலை... நேற்றுத்தான் முதல் தடவையாக உடுத்தியது... அதன் சிவப்புச் சாயம் கரைந்து முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

எதிரே, காலி வாளியோடு அவன் நின்றான்.

"ஏலே! ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தக் கண்கள்...! நீலமா, சாம்பலா, பச்சையா? விடியற்காலைக் கடல் மாதிரி, எந்த நிறம் என்று முடிவுசெய்வதற்குள் வேறொன்றாக மாறின.

"கேக்குதேன்லா? நாக்கக் கடல்ல விட்டுட்டு வந்தியா?"

அவன் ததேயு. கடற்கரைப் பங்களாவில் மூன்று வருஷமாக இருக்கும் போலந்துக்காரர்களில் ஒருவன். சண்டைக் காலத்தில் சொந்த ஊரிலிருந்து பனிக்காட்டுக்குத் துரத்தப்பட்டு, அங்கே தாயையும் தகப்பனையும் புதைத்துவிட்டு, பாரசீகம் வழியாகப் பம்பாய்ப் பக்கம் வந்து சேர்ந்த அநாதைப் பிள்ளைகள் அவர்கள். நெஞ்சு பலமில்லாத பதினொரு பேரை மட்டும், உப்புக் காற்று நல்லது என்று இங்கே அனுப்பியிருந்தார்கள். கூட ஒரு டீச்சர், எலேனம்மா. மற்றவர்கள் ஊரோடு பேசக் கூச்சப்பட்டபோது, ததேயு மட்டும் வலைக்காரர்களோடு திரிந்து, அவர்கள் பேச்சையே பேசக் கற்றிருந்தான். இப்போது பத்தொன்பது வயது.

சத்தம் கேட்டு ஞானப்பூவின் அப்பா ஏசுஅடிமை ஓடிவந்தார். மகளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து மகளைச் சுற்றிப் போர்த்தினார்.

"யாருமேலடே தண்ணி ஊத்துக? எனக்க பிள்ளயா ஒனக்குக் கெடச்சா?"

ததேயுவின் காது சிவந்தது. "ஆள் மாறிப்போச்சு மாமா... வாந்தான்னு நினச்சேன்."

வாந்தா பங்களாவில் இருக்கும் பெண். ஞானப்பூவின் வயசு. ஆனால் வாந்தாவின் முடி வைக்கோல் நிறம். ஞானப்பூவின் முடியோ கரிக்கறுப்பு. எப்படி ஆள் மாறும்?

அப்பா அதையெல்லாம் யோசிக்கவில்லை. "கண்ணு தெரியாட்டா கண்ணாடி போடணும்லே!" என்று சொல்லி மகளை இழுத்துக்கொண்டு போனார். மகள்தான் யோசித்தாள். அன்று முழுவதும் யோசித்தாள்.

சாயங்காலம், பங்களாவில் பாத்திரம் கழுவும் கிரேசி வந்து அவளை மேலும் குழப்பிவிட்டுப் போனாள்.

"ஏட்டி, அது அவனுக்க ஊரு வழக்கமாக்கும். பாஸ்கு முடிஞ்ச திங்கக்கிழமை ஆம்பிளப் பயலுவ பெண்ணுங்க மேல தண்ணி ஊத்துவானுவளாம். அதுவும் எல்லாரு மேலயும் இல்ல... பிடிச்சவ மேல. நனையாம வீட்டுக்குப் போறவளுக்குத்தான் வெக்கக்கேடு, கேட்டியா?"

"அவன் ஆள் மாறிப்போச்சுன்னு சொன்னானே..."

"அப்ப ஆள் மாறியிருக்கும்."

"மாறல்லன்னா?"

"மாறல்லன்னா மாறல்ல. எனக்கென்னா தெரியும்? செவ்வாக்கிழமை பெண்ணுங்க திருப்பி ஊத்தலாமாம். போய் ஊத்திட்டுக் கேளு!" கிரேசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஞானப்பூ போகவில்லை. சேலையை மூன்று தடவை அலசினாள். மூன்று தடவையும் சாயம் போனது. அவன் பார்த்த பார்வை மட்டும் போகவில்லை... அது வாந்தாவுக்கு வைத்திருந்த பார்வையா? அப்படியென்றால் வாந்தா வாங்கிக்கொள்ள வேண்டியதை அவள் எதற்குப் பத்திரமாக வைத்திருக்கிறாள்?

மழைக்காலம் வந்தது. ததேயுவை அப்பாவே தம் வள்ளத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பயலுக்குத் துடுப்பு செதுக்கக் கை வருகிறது என்று வாயாரச் சொன்னார். ஆகஸ்டு மாதம் சுதந்திரம் வந்தபோது கடற்கரையில் எல்லாரும் அவனைச் சீண்டினார்கள்.

"வெள்ளக்காரன் எல்லாம் கப்பலேறியாச்சு. நீ மட்டும் எதுக்குலே நிக்க?"

"நான் வெள்ளக்காரன் இல்ல, போலந்துக்காரன். எங்க நாட்டயும் வேற ஒருத்தன் பிடிச்சுதான் வச்சிருக்கான்" என்பான் அவன். சிரித்தவர்கள் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மீன் கூடையோடு வீட்டு வாசலுக்கு வரும்போதெல்லாம் ஞானப்பூ ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"வாந்தா சுகமா?"

"அவளுக்கு என்னா சுகக்கேடு?"

"இல்ல... கண்ணு தெரியாம வேற யாருக்காவது தண்ணி ஊத்திட்டியோன்னு கேட்டேன்."

அவன் கூடையை வைத்துவிட்டு நனைந்த தலையோடு மழைக்குள் நடப்பான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பான். திரும்பிப் பார்ப்பானா என்று அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அடுப்பில் கஞ்சி பொங்கி வழியும்.

எலேனம்மா தினமும் சாயங்காலம் மணலில் குச்சியால் எழுதிப் பிள்ளைகளுக்கு அவர்கள் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பாள். அலை வந்து அழிக்கும். அவள் மறுபடி எழுதுவாள். அவர்கள் ஊரில் குருத்தோலை கிடையாதாம்; பாஸ்குக்கு முந்தின ஓலை ஞாயிற்றுக்கு ஏதோ மரக்குச்சியைத்தான் பிடிப்பார்களாம். இங்கே தென்னையும் பனையும் நிறைந்து நின்றும், அவள் பிள்ளைகள் கையில் குச்சியைத்தான் கொடுத்தாள். ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். ஞானப்பூவுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்மசுக்கு முந்தின நாள், பங்களாவுக்குக் கொடுத்து வரும்படி அப்பா பெரிய நெய்மீன் ஒன்றைத் தந்தார். அவள் போய்ச் சேரும்போது முதல் நட்சத்திரம் தெரிந்தது. அதற்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்களாம். நட்சத்திரம் பார்த்தபின்தான் சாப்பாடு. மேசையின் கீழே வைக்கோல், மேலே வெள்ளைத் துணி. பன்னிரண்டு பேர், பதின்மூன்று தட்டுகள்.

"யாரு வரணும் இன்னும்?" என்று கேட்டாள்.

எலேனம்மா தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னாள். "இந்தத் தட்டு, சொல்லாமல் வருகிற ஆளுக்கு. எல்லா வருஷமும் வைப்போம். பனிக்காட்டில் தட்டு இல்லை, ஒரு மரத்துண்டு வைத்தோம். யாரும் வந்ததில்லை." ஞானப்பூவையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்றைக்கு வந்திருக்கிறார்கள். உட்கார்."

காகிதம் மாதிரி மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் ஒடித்து, வாழ்த்துச் சொல்லித் தின்றார்கள். ததேயு அவளிடம் நீட்டினான். அவன் மொழியில் என்னவோ சொன்னான்.

"என்னா சொன்ன?"

"பிறகு சொல்லுதேன்."

வாழ்த்துத்தானா... அல்லது வேறா? அவள் கேட்கவில்லை. எலேனம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது எலேனம்மா வெளிவாசல் வரை கூட வந்தாள். "நீ நல்ல பெண். அதனால் சொல்கிறேன். பங்குனியில் கப்பல் வருகிறது. எல்லாரும் இங்கிலாந்து போகிறோம். எங்கள் ஊரில் நாற்பது வீடு இருந்தது. அந்த ஊர்ப் பாட்டு தெரிந்தவன் இந்தப் பதினொரு பேரில் ததேயு ஒருவன்தான். அவன் இங்கே நின்றுவிட்டால், அந்த ஊர் முடிந்தது. புரிகிறதா?"

புரிந்தது. புரிந்ததுதான் வலித்தது. ஆள் மாறி நனைந்தவளிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் புரியவில்லை.

மறு வருஷம் பாஸ்கு வந்தது. புதன்கிழமை லாரி வரும், கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

திங்கட்கிழமை காலை ஞானப்பூ அதே சேலையை உடுத்தினாள். சிவப்புச் சேலை இப்போது வெளிறி ரோஸ் நிறமாகியிருந்தது. பூசை முடிந்து பங்களா முக்கு வழியாக நடந்தாள். அவன் நின்றான். கையில் வாளி. வாளி நிறையத் தண்ணீர்.

அவள் நடையைக் குறைத்தாள்... நின்றாள்... செருப்பில் மண் ஏறியதுபோல் குனிந்து தட்டினாள்.

அவன் வாளியைத் தூக்கினான். கண்ணைத் தாழ்த்தினான். அத்தனை தண்ணீரையும் அருகிலிருந்த தென்னங்கன்றின் மூட்டில் ஊற்றிவிட்டு உள்ளே போனான்.

தென்னங்கன்றுக்கு!

ஒரு வருஷத்துக்கு முன்னால் நனைந்ததற்காக ஏசியவள், இன்று சேலை காய்ந்திருந்ததற்காக அழுதாள். அப்படியானால் ஆள் மாறியது நிஜம்தான். ஒரு வருஷமாக அவள் அடுத்தவள் சொத்தையா மடித்து வைத்திருந்தாள்?

"ஞானப்பூ."

வாந்தா. அவளுடைய பாவாடை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பங்களாவின் மற்றப் பையன்கள் ஊற்றியிருந்தார்கள். அவளுக்குக் கொஞ்சம்தான் தமிழ் வரும். தேடித்தேடிச் சொன்னாள்.

"போன வருஷம்... நான் அந்த வழி இரண்டு தரம் போனேன். ததேயு ஊத்தலை. தள்ளு, தள்ளு, மறைக்காதே, என்றான். விடியும் முன்னே நின்றான். உனக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "இந்த வருஷம் டீச்சருக்கு வாக்கு கொடுத்தான். அதனால் ஊத்தலை. நேற்றிலிருந்து சாப்பிடலை, மடையன்."

ஞானப்பூவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. பங்களா முற்றத்தில் டிரங்குப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ததேயு குனிந்து ஒரு பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். ஞானப்பூ ஊர்க் கிணற்றிலிருந்து நேராக வந்தாள். இடுப்பில் செம்புக் குடம்.

ஒரு குடம் தண்ணீர். ஒரு சொட்டு மிச்சமில்லை.

அவன் திணறி எழுந்தான். இருமினான். முடியிலிருந்து, மூக்கிலிருந்து, இமையிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்தக் கண்கள்... இப்போதும் என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை.

எலேனம்மா வாசலில் வந்து நின்றாள். "யார் உனக்குச் சொன்னது, இன்று என்ன நாள் என்று?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிரேசி வானத்தைப் பார்த்தாள்.

டீச்சர் முன்னால் வாய் திறக்கவே கூசும் ஞானப்பூவுக்கு அன்று எங்கிருந்து பேச்சு வந்ததோ! "இன்னைக்குச் செவ்வாக்கிழமை. பெண்ணுங்களுக்க நாளு. எல்லாம் எனக்குத் தெரியும் டீச்சர். நட்சத்திரம் பாத்துட்டுதான் சாப்பிடணும். வைக்கோலு விரிக்கணும். பாட்டு தெரியாது... அத இவன் சொல்லித் தரட்டும். இவன் நின்னா உங்க ஊரு முடிஞ்சுபோவும்ணு சொன்னியளே... முடியாது. எனக்க பிள்ளயளுக்கு நான் சொல்லிக் குடுப்பேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. எனக்க பிள்ளயளா...! அவள் குடத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

எலேனம்மா முற்றத்தில் இறங்கினாள். பிறகு ததேயு கட்டிய பெட்டியின் கயிற்றை, அவன் அவ்வளவு பாடுபட்டுப் போட்ட முடிச்சை, தானே அவிழ்த்தாள். வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு தட்டை எடுத்து ஞானப்பூவின் கையில் வைத்தாள். பதின்மூன்றாவது தட்டு.

"இனி இது இந்த ஊரில் இருக்கட்டும்" என்றாள். "வருஷா வருஷம் வை. சொல்லாமல் வருகிற ஆள்... நானாக இருக்கலாம்."

அதற்குள் கடற்கரையிலிருந்து அப்பா வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நனைந்து நின்றவனைப் பார்த்தார். காலிக் குடத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"என்னா மக்கா இது? இந்தத் தடவையும் ஆள் மாறிப்போச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நாளை லாரி வந்துவிடும்.

"இல்லப்பா..." அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மாறல்ல. ஆளப் பாத்துத்தான் ஊத்துனேன்."

"போன வருசமும் மாறல்ல, மாமா" என்றான் ததேயு. பற்கள் கிடுகிடுத்தன. "பொய் சொன்னேன். பயந்துட்டேன். கிறிஸ்மசுக்கு இவகிட்ட எங்க பாசையில சொன்னதும் அதுதான்... நீ இல்லாம எனக்கு எந்த நாடும் வேண்டாம்ணு."

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தோளில் கிடந்த துவர்த்தை உருவினார். அடிக்கப் போகிறாரோ என்று ஞானப்பூ கண்ணை மூடிக்கொண்டாள்.

துவர்த்து பறந்து போய் ததேயுவின் தலையில் விழுந்தது.

"முதல்ல தலயத் துவத்துலே" என்றார் அப்பா. "அந்த நெஞ்ச வச்சிக்கிட்டு நனஞ்சு நிக்கான்... நாளைக்கு எனக்க வள்ளத்துக்கு யாரு வருவா?"