இருட்கூத்தில் ஒலித்த சதங்கை

மேற்கே கதிரவன் மறைந்து, கிழக்கே முழுமதி இன்னும் தலைகாட்டாத அந்தச் சிறு பொழுதில் வெள்ளாறு ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தது. அக்கரை நாணற்காட்டின் மேல் கொக்குக் கூட்டம் ஒன்று, வடம் அறுந்து சிதறிய வெண்முத்துக்களைப் போலப் பறந்து சென்றது. இக்கரையிலோ, நீருக்குள் கால்நீட்டிப் படுத்த வேங்கையைப் போல நெடுங்குன்றக் கோட்டை கிடந்தது. அதன் கரிய நிழல் ஆற்றின் பாதி அகலத்தை விழுங்கிவிட்டிருந்தது.

இத்தனை அழகிய மாலையில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கோட்டையின் ஆடரங்கில், திரைக்குப் பின்னால் யாழை மடியில் வைத்து அமர்ந்திருந்த அரிஞ்சிகையின் விரல்களைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. மூன்று ஆண்டுகளாகவே அவை நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. நரம்பைத் தொடும் கணத்தில் மட்டுமே அமைதி பெற்றன.

நெடுங்குன்றத்து அதிபதி குன்றவரையன் மருதநாட்டு எல்லையூர்களைக் கொள்ளையிட்டபோது பொன்னோடும் ஆநிரையோடும் அவளையும் வாரிக்கொண்டு வந்துவிட்டான். கோயில் யாழ்மகள் என்று சொன்னாள், நம்பினான். மருதநாட்டுப் படைத்தலைவன் இளங்கண்டனின் மனைவி என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே அவள் தலை கோட்டை மதிலில் ஏறியிருக்கும். ஏனெனில் குன்றவரையனின் தம்பியைப் போர்க்களத்தில் வீழ்த்தியவன் அந்த இளங்கண்டன்.

குன்றவரையன் கண்களால் வாழ்ந்தவன். வண்ணமும் ஒளியும் அவனைக் கள்ளைப்போல மயக்கும். "காட்சியே அரசி, இசை அவளுக்கு விசிறி வீசும் சேடி. சேடியை யார் பார்க்க விரும்புவார்கள்?" என்பான். அதனால்தான் அவனுடைய அரங்கில் பாடுவோரும் வாசிப்போரும் திரைக்குப் பின்னால் அமர்த்தப்பட்டனர். மெல்லிய திரையின் வழியே அரிஞ்சிகைக்கு விளக்கொளியும், ஆடுவோரின் மங்கலான நிழலும் மட்டுமே தெரியும்.

அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் முழவோன் தத்தன் அமர்ந்திருந்தான். கோட்டையில் அவனுக்கு அஞ்சாதவர் இல்லை. மதிலின் மேல் நடக்கும் காவலர்களின் காலடியை வைத்தே இன்னார் என்று சொல்லக்கூடியவன் அவன். முன்னொரு முறை வணிகன் வேடத்தில் வந்த ஓர் ஒற்றனை அவனுடைய நடையைக் கேட்டே காட்டிக்கொடுத்தான். அந்த ஒற்றனின் அலறல் இன்றும் அரிஞ்சிகையின் கனவில் வரும்.

அன்று கொற்றவைக் கூத்து. பௌர்ணமிதோறும் சாக்கை என்னும் ஆடலாசான் ஆற்றைக் கடந்து வந்து ஆடுவது வழக்கம். அக்கரைக் கோயிலில் கொற்றவையின் முகமூடியை அணிந்துகொண்டால் கூத்து முடியும்வரை அதைக் கழற்றமாட்டான், ஒரு சொல்லும் பேசமாட்டான். நண்பகலிலேயே கோட்டைக்குள் வந்துவிட்டான். அதே அக்கரையில், கோயிலுக்குச் சற்று வடக்கே, மருதநாட்டு இளவரசரின் பாசறையும் இறங்கியிருந்தது. மறுநாள் காலையில் இளவரசர் நாற்பது வீரர்களுடன் படகேறி வந்து உடன்படிக்கை செய்துகொள்வதாக ஏற்பாடு.

முழவு அதிர்ந்தது. அரங்கின் கதவுகள் அடைக்கப்பட்டன. சதங்கைகள் கலீரென்று ஒலிக்கக் கொற்றவை மேடையில் தோன்றினாள். செந்நிறப் பட்டும், பாம்பு நெளியும் மகுடமும், கோரைப்பல் முகமும், கையிலேந்திய சூலமும் கண்டு சபை "ஆ!" என்று மூச்சை இழுத்தது.

அரிஞ்சிகை காதைத் தீட்டிக்கொண்டு வாசித்தாள். ஏழு அடிகள் கொண்ட தாளம். முதல் ஆவர்த்தனம் சரியாகவே சென்றது. இரண்டாவதில், ஐந்தாம் அடிக்கு இடது கால் சற்றே தாமதித்து விழுந்தது.

சாக்கையின் கால் தவறாது.

மறுபடியும் ஐந்தாம் அடி, மறுபடியும் தாமதம். அது ஆடுபவன் வைக்கும் கால் அல்ல. வாளை ஓங்குமுன் நிலத்தை உறுதி செய்துகொள்ளும் வீரனின் கால். அதிலும் இடது முழங்காலில் பழைய வேல்தழும்பு உள்ள ஒருவனின் கால்! மணமான புதிதில், முற்றத்தில் அவன் வாள் பழகுகையில் விளையாட்டாக அவள் யாழ் மீட்டியதுண்டு. அந்த இழுப்பை உலகத்துச் சதங்கைகள் அத்தனைக்கு நடுவிலும் அவள் அறிவாள்.

இளங்கண்டன்! இந்தப் புலிக்குகையிலா!

பக்கத்தில் தத்தனின் கை அரைக்கணம் தயங்கியது. அவன் மெல்லத் தலையைத் திருப்பி அவளை நோக்கினான். இன்னும் ஒரு முறை அந்தக் கால் தாமதித்தால் அவன் முழவை நிறுத்துவான். முழவு நின்றால் குன்றவரையன் எழுவான்.

யோசிக்க நேரமில்லை. அடுத்த ஐந்தாம் அடி வந்ததும் அரிஞ்சிகை சுரத்தை முடிக்காமல் நீட்டினாள். யாழின் நாதம் மலையுச்சியில் தொங்கும் பாறையைப் போல அந்தரத்தில் நின்றது. தாமதித்த கால் வந்து விழுந்த அந்தக் கணத்தில் நரம்பை அறைந்தாள். தவறாக இருந்த அடி, தேவி வேண்டுமென்றே ஓங்கி நிறுத்தி எருமைத்தலை அசுரன் மகிடனின் தலையில் மிதித்த அடியாகிவிட்டது!

"ஆகா! பார்த்தீர்களா, அந்தக் காலை!" என்று குன்றவரையன் கூவினான். சபை ஆர்ப்பரித்தது. காதுக்குச் சொன்னதைத்தான் அத்தனை கண்களும் கண்டன. ஆனால் கண்டது தாங்களே என்று நம்பின.

தத்தன் மட்டும் நம்பவில்லை. அவனுடைய விழிகள் அவள் முகத்திலிருந்து அகலவில்லை. ஆனால் அடுத்த ஆவர்த்தனத்தில் அவனுடைய முழவும் ஐந்தாம் அடியில் காத்திருந்து விழுந்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. எலியை விளையாடவிட்டுப் பிடிக்கும் பூனையின் பொறுமையோ என்று அஞ்சினாள்.

இனி இருட்கூத்து. மேடையைச் சுற்றியிருந்த பன்னிரண்டு விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. யாழும் ஓயும் கட்டம் அது. இருநூறு ஆவர்த்தனங்களுக்குச் சதங்கையும் முழவும் மட்டுமே ஒலிக்கும். இருளுக்குள் தேவி ஆடுகிறாள் என்று சபை கைகூப்பியிருக்கும்.

கடைசி விளக்கு அணைந்ததும் திரை அசைந்தது. வியர்வையும் சந்தனமும் மணக்கும் உருவம் ஒன்று அவளருகே மண்டியிட்டு, சதங்கையைக் கையால் தரையில் தட்டிக்கொண்டே முகமூடியை உயர்த்தியது.

"அரிஞ்சிகை! யாழைக் கேட்ட பிறகுதான் நீ இங்கிருப்பதை அறிந்தேன்" என்றான் இளங்கண்டன் மிக மெல்லிய குரலில். "சாக்கையாருக்குப் பதிலாக வேவு பார்க்க வந்தேன். படகுத்துறையில் நீருக்கடியில் சங்கிலி போட்டிருக்கிறார்கள். நாளை இளவரசரின் படகைக் கவிழ்க்கப் போகிறார்கள். இன்றே நான் அக்கரை சேரவேண்டும். பின்வாயில் காவலர்கள் கூத்துப் பார்க்க உள்ளே வந்துவிட்டார்கள். வா, போய்விடலாம்!"

மூன்று ஆண்டுகளாக அவள் ஏங்கிய சொல் அது. எழுந்துவிட அவளுடைய கால்கள் துடித்தன.

"இருவரும் போனால் சதங்கை நின்றுவிடும், சுவாமி. பத்து மூச்சுக்குள் கோட்டை விழித்துக்கொள்ளும்" என்றாள்.

"உன்னை விட்டுவிட்டா..."

"நாளை ஆற்றில் ஓர் இளவரசரும் நாற்பது வீரர்களும் மூழ்கினால், அதன்பின் உம் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? கழற்றுங்கள்!"

தத்தன் அத்தனையும் கேட்டுக்கொண்டு முழவை அடித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் இருளில் தெரியவில்லை.

சதங்கைகள் கைமாறின, முகமூடியும் மகுடமும் செம்பட்டும் சூலமும் கைமாறின. ஒரு கணம் அவன் உள்ளங்கை அவளுடைய கன்னத்தில் பதிந்தது. பிறகு பின்படிகளில் ஒரு நிழல் இறங்கி மறைந்தது.

அரிஞ்சிகை வாழ்நாளில் ஆடியதில்லை. இருளில் மேடையேறி, தெரிந்த தாளத்தையே துணையாகக் கொண்டு கால்களை எடுத்து வைத்தாள். இருபது. இருபத்தொன்று. முகமூடிக்குள் அவளுடைய மூச்சு புயலாக இரைந்தது. எதிரே முந்நூறு பேர் அவளைப் 'பார்த்து'க் கைகூப்பிக்கொண்டிருந்தனர். ஐந்தாம் அடி வரும்போதெல்லாம் இடது காலைத் தாமதித்து வைக்கவும் மறக்கவில்லை.

இருநூறு. விளக்குகள் சுடர்ந்தன. கொற்றவை சூலம் ஏந்தி நின்றாள்.

ஆரவாரத்தினிடையே முத்துவடத்தைக் கையில் ஏந்தி வந்த குன்றவரையன், மேடையின் மூன்றாம் படியில் நின்றுவிட்டான். புன்னகை மெதுவாக மறைந்தது.

"சாக்கையாரே, இருட்டில் ஒரு சாண் உயரம் குறைந்துவிட்டீரோ?" என்றவன், திரையை நோக்கிக் குரல் கொடுத்தான். "தத்தா! உன் காது பொய் சொல்லாது. இருளில் ஆடியவன் யார்?"

திரையை விலக்கிக்கொண்டு தத்தன் வெளியே வந்தான். அரிஞ்சிகை கண்களை மூடிக்கொண்டாள்.

"முதலில் ஆடிய கால்தான் அரசே, இருளிலும் ஆடியது" என்றான் தத்தன்.

"அப்படியானால் என் கண் பொய் சொல்கிறது போலும். அதையும் பார்த்துவிடுவோம்" என்று முகமூடியை நோக்கிக் கை நீட்டினான் குன்றவரையன்.

அந்தக் கை தன்மேல் படுவதை அவள் விரும்பவில்லை. தானே முகமூடியைக் கழற்றினாள்.

"யாழ்மகளா!"

"யாழ்மகள்தான். மருதநாட்டுப் படைத்தலைவர் இளங்கண்டரின் மனைவியும் நானே. சற்றுமுன் நீர் 'ஆகா' என்று வியந்த அந்தக் கால் அவருடையது."

குன்றவரையனின் வாள் பாதி உறைவிட்டு வெளிவந்தது. அவன் முதலில் திரும்பியது தத்தனிடம். "நீ... நீயுமா?"

தத்தனின் குரல் தெளிவாக இருந்தது. "என் காது காட்டிக்கொடுத்த ஒருவனின் அலறலைக் கேட்டேன் அரசே. மற்றொன்றைக் கேட்கும் வலிமை எனக்கில்லை."

அப்போது பலகணி அருகே நின்ற காவலன் ஒருவன், "மன்னா! ஆற்றைப் பாருங்கள்!" என்று கத்தினான்.

முழுமதி எழுந்திருந்தது. அக்கரையில் ஒரு தீப்பந்தம் எரிந்தது. பிறகு பத்து, பிறகு நூறு. பாசறை முழுவதும் விழித்துக்கொண்டு, நீண்ட நெருப்புப் பாம்பாகக் கரையோரம் நகர்ந்து ஆற்றின் மேற்புறத்தில், இறங்கிக் கடக்கும் ஆழமுள்ள கடவுத்துறையை நோக்கிச் சென்றது. முரசு இல்லை. சங்கு இல்லை. குதிரையின் கனைப்புக்கூட இல்லை. ஒலியே இல்லாமல் அந்த நெருப்பு வந்துகொண்டிருந்தது.

காட்சிக்காகவே வாழ்ந்த குன்றவரையன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தத்தா, முழவை எடு! நீயும் வாசி, பெண்ணே! உயிர்ப்பிச்சை தருகிறேன். இந்த ஓசையற்ற காட்சி என்னைக் கொல்கிறது. ஏதாவது ஒன்றை வாசியுங்கள்!" என்றான்.

அரிஞ்சிகை திரைக்குப் பின் சென்று யாழை எடுத்து வந்தாள். அவளுடைய விரல்கள் இப்போது நடுங்கவில்லை. சூலத்தின் கூரிய முனையால் நரம்புகளை ஒவ்வொன்றாக அறுத்தாள்.

"கொற்றவை அறிய ஆணை! இந்தக் கோட்டையின் கதவு என் கணவருக்குத் திறக்கும்வரை என் விரல் நரம்பைத் தொடாது. நீர் காட்சியை விரும்புகிறவர் ஆயிற்றே, மன்னா! பாரும்."

அவள் மேடையிலேயே அமர்ந்துகொண்டாள். தத்தனும் அவளருகே வந்து வெறுங்கையோடு உட்கார்ந்தான். வாளை என்ன செய்வதென்று அறியாமல் குன்றவரையன் பலகணியில் நின்றான். தீப்பந்தங்கள் ஓசையின்றி ஆற்றில் இறங்கின.